கீழ்க்கட்டளை பயில்வானும் ஒரு அமினோ டப்பாவும்

காலை ஐந்தே முக்கால் மணி. கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடை. மேடவாக்கம் மெயின் ரோடில் தண்ணீர் லாரிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கின்றன. கையில்லாத பனியன் போட்ட ஒரு பையன் வருகிறான். புஜங்கள் இரண்டும் பனியனை விட்டு வெளியே வந்து எல்லோருக்கும் குட்மார்னிங் சொல்கின்றன. தோள்பையிலிருந்து மூடி போட்ட பிளாஸ்டிக் டம்ளர் ஒன்றை எடுக்கிறான். உள்ளே ரோஸ் கலரில் ஏதோ பொடி.

"மாஸ்டர், கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார். பையன் மூடியைத் திருகி, கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுகிற மாதிரி ஆட்டினான். நுரை பொங்கியது.

"என்ன தம்பி, காலங்காத்தால ரஸ்னாவா?"

"ரஸ்னா இல்லண்ணே. அமினோ!"

"அமீனாவா? கோர்ட்லேர்ந்து ஜப்தி பண்ண வருவாரே, அவரா?" என்றார் மாஸ்டர், நிஜமாகவே பயந்துபோய்.

கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தோம். பையனும் சிரித்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் மாஸ்டர் அப்படி ஒன்றும் தப்பாகச் சொல்லிவிடவில்லை. மாசா மாசம் முதல் வாரத்திலேயே வந்து இந்தப் பையனின் சம்பளத்தில் ஒரு பங்கை ஜப்தி பண்ணிக்கொண்டு போவது அமினோதான். எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் பையன் என் அக்கா மகன்.

வயசு 27. துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் ஒன்பது மணி நேரம் உட்காருகிற உத்தியோகம். 200 அடி ரோடில் போக ஒரு மணி, வர ஒன்றரை மணி. பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் யாரோ ஒரு பாட்டி, "பையன் நல்லாத்தான் இருக்கான், சட்டை மட்டும் ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்கு" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். மறுநாளே ஜிம்மில் சேர்ந்துவிட்டான். ஹார்டுவேர் கடைக்கு மேலே முதல் மாடி. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, எதிர்ச் சுவரில் ஆஞ்சநேயரும் அர்னால்டும் அருகருகே.

சேர்ந்த பதினைந்தாம் நாள் கோச் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வே புரோட்டீன் ஒரு டப்பா, பி.ஸி.ஏ.ஏ. ஒரு டப்பா, கிரியேட்டின் ஒரு டப்பா. மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். வாங்குகிற சம்பளம் 28 ஆயிரம்.

"எதுக்குடா இவ்வளவு?"

"மாமா, உங்களுக்கு சயின்ஸ் தெரியாது" என்றான்.

அது உண்மை. அதனால்தான் தெரிந்துகொள்ளக் கிளம்பினேன்.

அச்சாபீஸ் பாடம்

புரோட்டீனை ஒரு கல்யாணப் பத்திரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து அச்சாபீஸில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்ப்பார்களே, அந்த எழுத்துக்கள்தான் அமினோ அமிலங்கள். உடம்பு உபயோகிக்கும் எழுத்துக்கள் மொத்தம் 20. (தமிழுக்கு 247. அந்த வகையில் உடம்பு சுலபம்.) கறி, முட்டை, பருப்பு எதைத் தின்றாலும் வயிறும் குடலும் செய்கிற முதல் வேலை, பழைய பத்திரிகையைக் கலைத்து எழுத்துக்களைப் பெட்டியில் போடுவது. அப்புறம் உடம்பு தனக்கு வேண்டியதைப் புதிதாகக் கோர்த்துக்கொள்கிறது. தசை, முடி, நகம், இன்சுலின் எல்லாமே இப்படி வருவதுதான்.

இருபதில் பதினொன்றை உடம்பே வார்த்துக்கொள்ளும். மீதி ஒன்பதும் சாப்பாட்டில் வந்தாக வேண்டும். அமெரிக்காவில் வில்லியம் ரோஸ் என்ற விஞ்ஞானி எலிகளுக்கு விதவிதமான கலவை கொடுத்துப் பார்த்து, அதுவரை யாருக்கும் தெரியாதிருந்த 'த்ரியோனின்' என்ற அமினோ அமிலத்தை 1935ல் பிடித்தார். அது இல்லாதவரை எலி எவ்வளவு தின்றும் வளரவே இல்லை. ஒன்று குறைந்தால் போதும், கோர்ப்பு வேலை அங்கேயே நின்றுவிடும். 'ஞ' தீர்ந்துபோன அச்சாபீஸில் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை எப்படி அடிப்பது? 'ம'வும் 'ச'வும் மட்டும் கூடை கூடையாக வந்து இறங்கி என்ன பிரயோஜனம்?

இங்கேதான் என் மருமகனின் ரோஸ் கலர்ப் பொடி மாட்டிக்கொள்கிறது. பி.ஸி.ஏ.ஏ. என்பது லூஸின், ஐஸோலூஸின், வேலின் என்று மூன்றே மூன்று எழுத்து. இதில் லூஸினுக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. 'தசை கட்டும் வேலையை ஆரம்பிக்கலாம்' என்று மணியடிக்கிற பியூன் அது. மணி அடித்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள், மீதி ஆறு எழுத்து வரவில்லை என்றால்? உள்ளே இருக்கும் பழைய தசையைக் கலைத்துத்தான் எழுத்து எடுக்க வேண்டும். முட்டையோ பாலோ பருப்போ போதிய அளவு சாப்பிடுகிறவனுக்கு அந்த மூன்றும் ஏற்கெனவே சாப்பாட்டிலேயே வந்துவிடுகின்றன. அவன் தனியாக பி.ஸி.ஏ.ஏ. குடிப்பது, சத்திரத்தில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து கூட்டு மட்டும் பார்சல் வாங்குகிற கதை.

வே புரோட்டீன் அப்படி மோசமில்லை. பாலைத் திரித்துப் பனீர் எடுத்த பிறகு மிஞ்சுகிற தண்ணீரைச் சுத்தம் பண்ணிக் காயவைத்த பொடி. ஒன்பது எழுத்தும் இருக்கிறது. சுருக்கமாக, அது விலை உயர்ந்த பால். சிலருக்கு வயிறு உப்பும். அவ்வளவுதான்.

மூன்றாவது டப்பாவான கிரியேட்டின்தான் ஆச்சரியம். ஆர்ஜினின், கிளைஸின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களிலிருந்து நம் உடம்பே தினமும் இதைத் தயாரிக்கிறது. 1832ல் செவ்ரல் என்ற பிரெஞ்சுக்காரர் கறி வேகவைத்த சாற்றில் கண்டுபிடித்தது. குண்டு தூக்குகிற அந்த முதல் சில விநாடிகளுக்கு வேண்டிய தெம்பை தசைக்குள் சேமித்து வைக்கிற பாங்க் டெபாஸிட் இது. பல வருஷங்களாகப் பல நாடுகளில் சோதித்துப் பார்த்து, 'வேலை செய்கிறது, ஆரோக்கியமானவர்களுக்குத் தினம் 3லிருந்து 5 கிராம் வரை ஆபத்தில்லை' என்று பெயர் வாங்கிய மிகச் சில சங்கதிகளில் ஒன்று. சைவக்காரர்களின் தசையில் இது குறைவாக இருப்பதால் அவர்களுக்குப் பலன் கொஞ்சம் தூக்கலாகவே தெரியும். முதல் இரண்டு வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ ஏறும். கண்ணாடி முன் நின்று துள்ளிக் குதிக்க வேண்டாம். பாதிக்கு மேல் தண்ணீர்!

ஆக, மூன்று டப்பாவில் ஒன்று தண்டம், ஒன்று பால், ஒன்று நிஜம். இதை அவனிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த ரிப்போர்ட் வந்தது.

1.5

கம்பெனியில் வருஷாந்திர மெடிக்கல் செக்கப். ரத்தப் பரிசோதனையில் 'கிரியேட்டினின் 1.5' என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வைத்திருந்தார்கள். ஆண்களுக்கு ஏறக்குறைய 1.3க்குள் இருக்க வேண்டும். பையன் செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறான். அது ஐந்து நிமிஷத்தில் அவனை டயாலிஸிஸ் மெஷினில் படுக்க வைத்துவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

மறுநாள் குரோம்பேட்டையில் ஒரு கிட்னி டாக்டரிடம் போனோம். அறுபதைத் தாண்டியவர். ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை. பையனின் புஜத்தைப் பார்த்தார்.

"ஜிம்முக்குப் போறியா? கிரியேட்டின் சாப்பிடறியா?"

"ஆமா ஸார்."

"கிரியேட்டின் சாப்பிட்டா கிரியேட்டினின் ஏறாம என்னப்பா பண்ணும்? ஒண்ணு உடைஞ்சாத்தான் இன்னொண்ணு. ரத்தம் எடுக்கறதுக்கு முந்தின நாள் குண்டு தூக்கினியா? கறி தின்னியா?"

இரண்டும் செய்திருந்தான்.

டாக்டர் விளக்கியது இதுதான்: கிரியேட்டினின் என்பது குப்பை. குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தால் ஒன்று, குப்பை வண்டி வரவில்லை என்று அர்த்தம் - அதாவது கிட்னி கோளாறு. இல்லை, வீட்டில் விருந்து நடந்திருக்கிறது என்று அர்த்தம். தொட்டியை மட்டும் பார்த்து வண்டிக்காரனைத் திட்டக்கூடாது. பொடியை நிறுத்திவிட்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம். கூடவே சிறுநீரில் புரோட்டீன் போகிறதா என்று ஒரு டெஸ்ட். சந்தேகம் இருந்தால் 'ஸிஸ்டாட்டின் ஸி' என்று இன்னொரு டெஸ்ட் உண்டு. அது கிரியேட்டினை லட்சியம் பண்ணாது.

"எந்த டாக்டர்கிட்டே போனாலும், எந்த லேப்ல ரத்தம் குடுத்தாலும், முதல்ல இதைச் சாப்பிடறேன்னு சொல்லணும். வெக்கப்பட்டுக்கிட்டு மறைச்சா, நாங்க இல்லாத வியாதிக்கு வைத்தியம் பண்ணுவோம்."

பையனுக்கு உயிர் வந்தது. எழுந்தோம். டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வீட்ல வேற யாராவது இந்தப் பொடியைக் குடிக்கறாங்களா?"

பையன் தலையைச் சொறிந்தான். "அப்பாவுக்கு மட்டும்... தினம் ரெண்டு ஸ்பூன் பால்ல கலந்து நான்தான் குடுக்கறேன் ஸார். கொஞ்ச நாளாவே ரொம்ப டயர்டா இருக்கார். சத்து இல்லையேன்னு..."

"அப்பாவுக்கு ஷுகர் உண்டா?"

"பதினெட்டு வருஷமா."

டாக்டர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அத்தானுக்கு மறுநாள் ரத்தம் எடுத்தது. கிரியேட்டினின் 2.2. இது விருந்துக் குப்பை இல்லை. சிறுநீரில் புரோட்டீன் போய்க்கொண்டிருந்தது. ஹீமோகுளோபின் குறைவு. கால் வீக்கத்தை 'டிவி பார்த்துத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததால்' என்று அவரே வைத்தியம் சொல்லிக்கொண்டு ஆறு மாசமாக இருந்திருக்கிறார். அவர் களைப்பாக இருந்ததே கிட்னி தளர்ந்ததால்தான். அந்தக் களைப்புக்கு மகன் ஆசையாகக் கொடுத்த மருந்து, களைத்துப்போன மாட்டின் மேல் இன்னும் இரண்டு மூட்டையை ஏற்றிய மாதிரி. அமினோ அமிலத்தில் இருக்கிற நைட்ரஜன் யூரியாவாக மாறி வெளியே போக வேண்டும். வெளியே தள்ளுகிற ஒரே ஆள் கிட்னி.

டாக்டர் பையனைத் திட்டவே இல்லை. "நிறைய வீட்ல நடக்கறதுதான்" என்றார். கிட்னி தளர்ந்தவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் புரோட்டீன் போதும், கிலோவுக்கு 1.3 கிராமைத் தாண்டவே கூடாது என்பது கிட்னி டாக்டர்களின் உலகளாவிய அமைப்பு 2024ல் வெளியிட்ட வழிகாட்டுதல். அத்தான் சாப்பாட்டிலேயே அந்த 0.8 வந்துவிட்டிருந்தது. பொடி முழுக்க உபரி.

திரும்பி வருகிறபோது ஆட்டோவில் பையன் வாயே திறக்கவில்லை. குரோம்பேட்டையிலிருந்து கீழ்க்கட்டளை வரைக்கும், அவ்வளவு டிராஃபிக்கிலும்.

ஜப்பான் பொடியும் அமெரிக்க அழுகையும்

அதற்கப்புறம் நான் விடவில்லை. கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

டப்பாவில் வருகிற அமினோ அமிலங்கள் எங்கே தயாராகின்றன? நம் வீட்டு இட்லி மாவு மாதிரிதான், புளிக்க வைத்து! ஜப்பானில் இகேடா என்ற பேராசிரியர் 1908ல் கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டாமிக் அமிலம் என்று கண்டுபிடித்தார். (மறு வருஷமே அஜினோமோட்டோ கடைக்கு வந்துவிட்டது.) 1956ல் அதே ஜப்பானில், சர்க்கரைப் பாகைத் தின்றுவிட்டு குளூட்டாமிக் அமிலத்தைக் கக்குகிற ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார்கள். இன்று லைஸினும் மற்றவைகளில் பலவும் பெரிய பெரிய தொட்டிகளில் இப்படித்தான் பொங்குகின்றன. ஸிஸ்டீன் என்ற ஒன்றை மட்டும் தலைமுடி, கோழி இறகு இவற்றைக் கரைத்து எடுப்பதும் உண்டு. இனிமேல் மொட்டை போட்டுக்கொள்ளும்போது, யாருக்கோ சத்து போகிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

தொட்டியில் பொங்கினால் மட்டும் போதாது. வடிகட்ட வேண்டும். வடிகட்டுவதில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1989 சாட்சி.

அமெரிக்காவில் அப்போது தூக்கம் வராதவர்கள், மனசு சரியில்லாதவர்கள் எல்லாம் 'ட்ரிப்டோஃபேன்' என்ற அமினோ அமில மாத்திரையைக் கடையில் சும்மா வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சீட்டு வேண்டாம். 'சாப்பாட்டில் இருப்பதுதானே, என்ன ஆகிவிடும்?' என்று நினைப்பு. அந்த வருஷம் அக்டோபரில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் மூன்று பெண்களுக்குத் தாங்க முடியாத தசைவலி. ரத்தத்தில் இயோஸினோஃபில் என்ற வெள்ளணு கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த மாத்திரை. தோண்டத் தோண்ட நாடெங்கும் கேஸ்கள். 1,500க்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 37 பேர் இறந்தே போனார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு வலி வருஷக்கணக்கில் போகவில்லை.

துப்பு துலக்கியபோது பெரும்பாலான கேஸ்கள் ஜப்பானின் ஷோவா டென்கோ என்ற ஒரே கம்பெனியின் சரக்கில் போய் நின்றன. அவர்கள் பாக்டீரியாவையும் மாற்றியிருந்தார்கள், சுத்தம் செய்ய உபயோகிக்கும் கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தார்கள். சரக்கில் துளித்துளியாக வேண்டாத வஸ்துக்கள் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. ஒரு பிடி கரித்தூளில் மிச்சம் பிடித்த கதை.

கலப்படம் என்று எழுத ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது. ஒரே ஒரு தந்திரத்தை மட்டும் சொல்கிறேன். ரொம்ப சாமர்த்தியமானது. ஒரு பொடியில் புரோட்டீன் எவ்வளவு என்று நேராக அளப்பது சிரமம் என்பதால், அதிலிருக்கும் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது வழக்கம். டென்மார்க்கில் கெல்டால் என்பவர் 1883ல் ஒரு பீர் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்த நைட்ரஜன் அளவு முறைதான் இதற்கு அடிப்படை. நைட்ரஜனைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் வியாபாரிக்குச் சொல்லியா தர வேண்டும்? கிளைஸின், டாரின் மாதிரி மலிவான சரக்கை அள்ளிப் போட்டுவிட்டால் போதும், மெஷின் '24 கிராம் புரோட்டீன்' என்று சர்டிபிகேட் கொடுத்துவிடும். சீனாவில் 2008ல் இதே கணக்கை ஏமாற்றத்தான் குழந்தைகளின் பால்பவுடரில் மெலமைன் கலந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்கிற மெலமைன்! சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் சிறுநீரகக் கல்லும் கோளாறுமாகத் துடித்தன. ஆறு குழந்தைகள் செத்தே போயின.

நம்ம ஊர் லட்சணம் என்ன? கேரளாவில் ஆலுவா ராஜகிரி ஆஸ்பத்திரியின் கல்லீரல் டாக்டர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் நண்பர்களும் இந்தியாவில் விற்கிற 36 புரோட்டீன் பொடிகளை வாங்கிச் சோதித்து, 2024ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீதம் டப்பாக்களில் லேபிளில் போட்டிருந்த புரோட்டீன் கணக்கு சரியில்லை. 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை விஷம் - பூசணம் பிடித்த கடலையில் வருமே, அதேதான். 8 சதவீதத்தில் பூச்சிமருந்து.

அதற்கு வெகு முன்பே ஜெர்மனியின் கொலோன் நகரில், 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 94ல், லேபிளில் மூச்சுவிடாத ஸ்டீராய்டு சமாசாரங்கள்! சில பேருக்கு சில டப்பாக்கள் மட்டும் மூன்றே வாரத்தில் 'சூப்பராக' வேலை செய்கிறதே, ஏன் என்று இப்போது புரிகிறதா?

"அப்ப எதையுமே வாங்கக் கூடாதா மாமா?"

வாங்கலாம்ப்பா. வாங்குவதானால் லேபிளைப் படி என்கிறேன். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருக்க வேண்டும். 'ஹெல்த் சப்ளிமெண்ட்' என்றும், 'மருத்துவ உபயோகத்துக்கு அல்ல' என்றும் இங்கிலீஷில் அச்சடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு அமினோ அமிலமும் எவ்வளவு என்று தனித்தனியாகப் போடாமல் 'ஸ்பெஷல் கலவை 10 கிராம்' என்று மொத்தமாக மூடி மறைத்தால், கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டு. ஜிம்மில் பாலிதீன் கவரில் பிரித்துத் தருகிற லூஸ் பொடி மகா ஆபத்து. கோச்சுக்கு டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பார். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

யார் யார் தொடக்கூடாது?

குரோம்பேட்டை டாக்டரிடம் அத்தானுக்காகப் போகிறபோதெல்லாம் நான் ஒரு கேள்வியோடு போவேன். அவரும் சலிக்காமல் சொல்வார்.

ஆர்ஜினின் என்று ஒன்று, ரத்தக்குழாயை விரிய வைக்கும் என்று விற்கிறார்கள். அது பொய்யில்லை. உடம்பு ஆர்ஜினினிலிருந்துதான் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவைத் தயாரித்துக் குழாயைத் தளர்த்துகிறது. அந்த வாயுவின் மகிமையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998ல் நோபல் பரிசே கிடைத்தது. அப்படியானால் ஹார்ட் அட்டாக் வந்தவர்களுக்கு ஆர்ஜினின் கொடுத்தால் நல்லதுதானே? அமெரிக்காவில் 153 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஆர்ஜினின், பாதிப் பேருக்கு வெறும் டம்மிப் பொடி. ஆறு மாசத்துக்குள் ஆர்ஜினின் கோஷ்டியில் ஆறு பேர் இறந்துபோனார்கள். டம்மி கோஷ்டியில் ஒருவர்கூட இல்லை. சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டு, 2006ல் 'அட்டாக் வந்தவருக்கு இதைக் கொடுக்காதீர்கள்' என்று அறிவித்தார்கள். தியரியில் அமிர்தம், ஆஸ்பத்திரியில் வேறு கதை!

பிரஷர் மாத்திரையோ, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ சாப்பிடுகிறவர் ஆர்ஜினினையும் சேர்த்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ட்ரிப்டோஃபேன் பக்கமே போகக்கூடாது. ஸெரோடோனின் அளவுக்கு மீறி ஏறி உயிருக்கே உலை. கை நடுக்கத்துக்கு லெவோடோப்பா சாப்பிடுகிற தாத்தாவுக்கு அமினோ பொடி கொடுத்தால், குடலில் இரண்டும் ஒரே வாசலில் நுழையப் பார்த்து இடித்துக்கொண்டு நிற்கும். மாத்திரை உள்ளே போகாது, நடுக்கம் அதிகமாகும். கர்ப்பிணி, பால் கொடுக்கிறவர், பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் யாரும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

இப்படியெல்லாம் பயமுறுத்துகிறவர், அமினோ அமிலத்தை ஒரேயடியாக வேண்டாம் என்கிறாரா என்றால், இல்லை. பாரஸிடமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவரின் கல்லீரலைக் காப்பாற்றுவதே ஸிஸ்டீனின் ஒரு ரூபம்தான். ஜிம்மில் தசைக்கென்று விற்கிற குளூட்டமினால் தசைக்கு உருப்படியான பலன் கிடையாது. ஆனால் அதே குளூட்டமினை அரிவாள்செல் ரத்தசோகை நோயாளிகளுக்கு மருந்தாக அமெரிக்காவில் 2017ல் அனுமதித்திருக்கிறார்கள். நம் நீலகிரி மலைவாழ் மக்களை வாட்டுகிற வியாதி அது. எழுத்து ஒன்றுதான். எந்தப் பத்திரிகையில், யார் கோர்க்கிறார்கள் என்பது வேறு.

அக்கா போட்ட கணக்கு

பையன் ஜிம்மை விடவில்லை. விடவும் வேண்டாம் என்றுதான் டாக்டரும் சொன்னார். மூன்று வாரம் கழித்து எடுத்த டெஸ்டில் 1.1 வந்தது. சிறுநீரும் சுத்தம். "இப்ப கேளு, உனக்கு எவ்வளவு புரோட்டீன் வேணும்?" என்றார்.

சாதாரண ஆளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு 50 கிராம். குண்டு தூக்குகிறவர்களைப் பற்றிய 49 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2018ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 1.6 கிராம் வரைதான் தசைக்குப் பலன். அதற்கு மேல் தின்பது தண்டம். அறுபது கிலோவுக்கு 96 கிராம்.

"தொண்ணூத்தாறா? அது பொடி இல்லாம எப்படி முடியும்?" என்றான் பையன்.

அக்கா காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். எட்டாவது வரை படித்தவள். ஆனால் மளிகைக் கணக்கில் ஒரு பைசா விடமாட்டாள். நாலு இட்லி 8, சாம்பார் 4. மூன்று முட்டை 18. அரை லிட்டர் பால் 16. மத்தியானச் சோறு 11, பருப்பு 9, தயிர் 6. சாயங்காலம் ஐம்பது கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல் 10. ஐம்பது கிராம் வேர்க்கடலை 12. கூட்டினாள். தொண்ணூத்து நாலு!

"மிச்சம் ரெண்டுக்கு ரசத்து வண்டலைக் குடி" என்றாள்.

அரிசியில் லைஸின் கம்மி, மெத்தியோனின் ஓகே. உளுந்தில் மெத்தியோனின் கம்மி, லைஸின் ஏராளம். இரண்டையும் சேர்த்து அரைத்தால் ஒன்பது எழுத்தும் நிறைந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க வில்லியம் ரோஸ் எலி வளர்த்தார். நம் பாட்டிகள் ஆட்டுக்கல்லில் முடித்துவிட்டார்கள். (பாட்டிகளுக்கு லைஸின் தெரியாது என்பது வேறு விஷயம். ருசி தெரிந்திருந்தது.) 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பிரிவுப் பட்டம் வாங்கிய வங்காளி மனோகர் ஐச் உயரம் ஐந்தடிகூட இல்லை. வெள்ளைக்கார அதிகாரியை அறைந்து ஜெயிலுக்குப் போனவர், உள்ளேயே உடம்பைத் தேற்றினார். சோறு, பருப்பு, மீன், காய்கறி, பால் என்று சாப்பிட்டே நூறு வயசைத் தாண்டி, 2016ல்தான் போனார்.

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மூவாயிரம் ரூபாய் டப்பாவில் முப்பத்துமூன்று கரண்டி வந்தால் ஒரு கரண்டி தொண்ணூறு ரூபாய். அதிலிருக்கும் 24 கிராம் புரோட்டீன் - லேபிள் நிஜம் பேசினால் - நாலு நாமக்கல் முட்டையில் இருக்கிறது. முட்டை ஏழு ரூபாய் என்றாலும் இருபத்தெட்டு ரூபாய். தசை வளர்க்கப் புரோட்டீன் பொடிகளைத் தவிர்க்கலாம் என்று 2024ல் அதே ஹைதராபாத் நிறுவனம் தன் வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டது. ஆபீஸில் ராத்திரி ஷிஃப்ட், ஹாஸ்டல் சாப்பாடு, முட்டை உரிக்கக்கூட நேரமில்லை என்கிறவர்கள் ஒரு கரண்டி வே குடித்தால் ஆரோக்கியமான கிட்னிக்கு ஒன்றும் ஆகாது. நான் அதற்குச் சண்டை போட மாட்டேன்.

அத்தானுக்கு மூன்று மாசம் கழித்து 1.9. இது பழையபடி ஆகிற சமாசாரம் இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஏறாமல் நிற்பதே பெரிசு. ஷுகர், பிரஷர் இரண்டையும் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஏரிப் பக்கம் நடக்கிறார். மகன் கூடவே நடக்கிறான். ஆபீஸிலிருந்து வர லேட்டானால் மட்டும் அக்கா போகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை அலமாரியில் அந்தப் பெரிய கறுப்பு டப்பா. 'அமெரிக்க ஃபார்முலா' என்று தங்க எழுத்து. எனக்குத் திக்கென்றது.

"என்னக்கா, மறுபடியுமா?"

"திறந்து பாருடா."

திறந்தேன். உள்ளே கழுத்து வரைக்கும் வெள்ளை உளுந்து.

"மூடி நல்லா டைட்டா இருக்கு. வண்டே வரலை" என்றாள் அக்கா. "ஆறாயிரம் குடுத்ததுக்கு இதாவது மிச்சம்."